தேதிக்குப் போட்ட வேலி

இன்றைய பதிவு சற்று நீளம். வேலையெல்லாம் முடித்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

இப்போது எந்த விண்ணப்பமும் செல்போனில்தான். பிறந்த தேதி, விதைத்த தேதி, பயணத் தேதி என்று எதைக் கேட்டாலும் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. தொட்டால் ஒரு மாதக் காலண்டர் விரிகிறது. சில தேதிகள் கறுப்பாகத் தெரியும், தொட்டவுடன் ஏற்றுக்கொள்ளும். சில தேதிகள் சாம்பல் பூத்துக் கிடக்கும். எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. ரயில் டிக்கெட் எடுக்கப் போனால் இன்றிலிருந்து 60 நாளுக்கு அப்பால் உள்ள தேதி திறக்காது. 2024 நவம்பர் 1-க்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் நாளைய தேதி திறக்கக் கூடாது; இன்னும் பிறக்காத குழந்தைக்குச் சான்றிதழ் கிடையாது அல்லவா?

"இந்தத் தேதியை ஏன் சார் எடுக்க மாட்டேங்குது?" என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டதுண்டு. கம்ப்யூட்டர் படித்த என் மாணவர்கள் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். படிவத்தை எழுதியவர் அந்தக் கட்டத்துக்கு இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறார். ஒன்று, இதற்கு முன்னால் போகாதே என்பது. மற்றொன்று, இதற்குப் பின்னால் போகாதே என்பது. இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் ஐந்தாம் பதிப்பு 2014 அக்டோபரில் முறைப்படி வெளியானது. தேதிக்கென்று தனிக் கட்டமும், 'மின்', 'மேக்ஸ்' என்ற இரண்டு எல்லைச் சொற்களும் அதில் உண்டு.

இது கருவியைப் பற்றிய பதில். வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு வேறு கேள்விகள் எழுகின்றன. இந்த எல்லையை வைத்தது யார்? எதைப் பார்த்து வைத்தார்? எல்லைக்கு வெளியே நிற்கிறவர் எங்கே போவார்? இந்த மூன்று கேள்விக்கும் செல்போனை விட வயது அதிகம். நம் தமிழ்நாட்டுக் கல்வெட்டிலேயே இவை இருக்கின்றன.

கல்லில் வெட்டிய இரண்டு எல்லைகள்

ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ குடவோலை முறையைப் படித்திருப்பீர்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவரை வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கும் விதியை அவை சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

பரீட்சைக்குப் படித்தபோது நாம் தாண்டிப் போன ஒரு செய்தி அதில் இருக்கிறது. முதல் கல்வெட்டில் போட்டியிடுபவரின் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவது கல்வெட்டில் 35-க்கு மேல், 70-க்குள். இரண்டே வருஷத்தில் இரண்டு எல்லையையும் நகர்த்திவிட்டார்கள். 31 வயதுக்காரர் ஒருவர் 919-ல் உள்ளே இருந்தார். இரண்டு வருஷம் கழித்து 33 வயதில் வெளியே நின்றார். 63 வயதுப் பெரியவர் வெளியே நின்றார். 65 வயதில் உள்ளே வந்தார்.

இன்றைய தேதிக் கட்டம் செய்வதும் இதே காரியம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். உத்திரமேரூரில் எல்லையைக் கோயில் சுவரில் எழுதி வைத்தார்கள். ஏன் வெளியே நிற்கிறோம் என்று படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிலம் வைத்திருப்பவர், வேதம் கற்றவர் என்று வேறு வேலிகளும் அதே கல்லில் இருந்தன. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. அதையும் மறைக்காமல் கல்லில்தான் எழுதினார்கள். எல்லை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, மனிதர் கூடி வைப்பது, மனிதர் கூடினால் மாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கட்டத்துக்குள் அடங்காத நாட்கள்

மனிதர் வைத்த எல்லை ஒருபுறம் இருக்கட்டும். காலண்டரே ஒரு வேலிதான். நம் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்த நாளை ராஜராஜன் எப்படிக் குறித்தான்? "யாண்டு 25, நாள் 275" என்று. தன் ஆட்சியின் 25-ஆம் வருஷத்தில் 275-ஆம் நாள். நமக்கு அது கி.பி. 1010. இன்றைய தேதிக் கட்டத்தில் அந்த நாளை அவன் எழுதிய விதமாக எழுத இடமே இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வீட்டு ஜாதக நோட்டை எடுங்கள். "விகாரி வருஷம், ஆனி மாதம் 32-ஆம் தேதி" என்று ஒருவருக்கு இருக்கலாம். தமிழ் மாதம் சூரியனின் ஓட்டத்தைப் பார்ப்பது. ஆனியிலும் ஆடியிலும் சில வருஷம் 32 நாள் வரும், மார்கழி 29 நாளில் முடிந்துவிடும். 31-க்கு மேல் போகாத கட்டத்தில் 32-ஆம் தேதிக்காரர் என்ன செய்வார்? விகாரி என்பதும் 60 வருஷத்துக்கு ஒருமுறை வருவது. 1959-லும் விகாரி, 2019-லும் விகாரி. பாட்டியும் கொள்ளுப்பேரனும் ஒரே வருஷத்தில் பிறந்ததாக நோட்டு சொல்லும்.

இதே குழப்பம் நம் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே இருந்தது. 1582-ல் போப் கிரிகோரி காலண்டரைத் திருத்தி 10 நாட்களை நீக்கினார். நாகப்பட்டினத்தை 1658-ல் பிடித்த டச்சுக்காரர்கள் புதிய கணக்கில் எழுதினார்கள். தரங்கம்பாடி டென்மார்க்காரர்களுடையது, அந்த நாடு 1700-ல்தான் மாறியது. சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் பழைய கணக்கிலேயே இருந்தார்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரை இறங்கியது 1706 ஜூலை 9. அதே நாள், ஆங்கிலேயர் கணக்கில் ஜூன் 28. ஒரே கடல், ஒரே பொழுது, 11 நாள் வித்தியாசம்.

பிறகு ஆங்கிலேயர்களும் மாறினார்கள். 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் உள்ள 11 தேதிகள் அவர்கள் கணக்கில் கிடையவே கிடையாது. யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் வேலை செய்யும் மாணவர்கள் 'கேல்' என்ற கட்டளையில் 1752 செப்டம்பரைக் கேட்டுப் பாருங்கள். 2-க்குப் பக்கத்தில் 14 நிற்கும். அதே நாளை இணையப் படிவத்தின் தேதிக் கட்டத்தில் தேடினால் 3, 4, 5 எல்லாம் வரிசையாக வரும். அந்தக் கட்டம் புதிய கணக்கையே பழங்காலத்துக்கும் நீட்டிக்கொண்டு போகிறது. எது சரி என்பது கேள்வி இல்லை. ஒரு தேதி உண்டா இல்லையா என்பதே எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஜூன் 12

இனி நம் ஊருக்கு வருவோம். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு ஒரு தேதி ரத்தத்தில் ஊறியது. ஜூன் 12. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் நாள்.

அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் அதற்கு. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூட வேண்டும். பாசன நிலம் சுமார் 16 லட்சம் ஏக்கர். திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும். கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும்.

இந்த எல்லையைப் பயிர்தான் வைத்தது. குறுவை சுமார் 110, 120 நாள் பயிர். ஜூனில் நாற்று விட்டால் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பு அறுத்துவிடலாம். ஆகஸ்டில் தொடங்கினால் அறுப்பு நேரத்தில் மழை வந்து கதிர் வயலிலேயே முளைக்கும். சம்பா ஐந்து மாதத்துக்குக் குறையாத பயிர். தை மாதம் அறுப்பு. ஜனவரி 28 என்பது அந்தக் கணக்கு. யாரோ ஓர் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் புரட்டி வைத்த தேதி அல்ல. மண்ணும் மழையும் விதையும் சேர்ந்து வைத்த 'மின்', 'மேக்ஸ்'.

ஆனால் தேதி திறந்தால் போதுமா? தண்ணீர் வேண்டுமே. 2011-ல் ஜூன் 6-லேயே திறந்தார்கள். அடுத்த வருஷம் 2012-ல் செப்டம்பர் 17 ஆயிற்று. அதிலிருந்து எட்டு வருஷம் ஜூன் 12 வந்து வந்து போனது, மதகு திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடி ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. 2025-ல் மீண்டும் ஜூன் 12.

நடுவில் 2023-ஐப் பாருங்கள். ஜூன் 12-ல் சரியாகத் திறந்தார்கள். நீர்வரத்து இல்லை. அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. தேதி சொன்னபடி வந்தது, ஆறு வரவில்லை. அந்தப் பருவத்தில் சம்பா காய்ந்தபோது, 2024 பிப்ரவரித் தொடக்கத்தில், வழக்கமான கடைசி நாளான ஜனவரி 28 தாண்டிய பிறகும், நிற்கும் பயிரைக் காப்பாற்ற 2 டி.எம்.சி. தண்ணீரைத் திறந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன். எல்லையை வைத்தவர்களே, எல்லை எதற்காக வைத்தோம் என்று பார்த்து, எல்லைக்கு வெளியே ஒரு முறை மதகைத் தூக்கினார்கள்.

நவம்பர் 15

ஜூன் 12 தண்ணீரின் தேதி என்றால், நவம்பர் 15 காகிதத்தின் தேதி. சம்பா, தாளடி நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாளாகப் பல வருஷமாக அறிவிக்கப்படுவது அதுதான். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. உணவுப் பயிர்களுக்குக் காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், ராபிப் பருவத்தில் 1.5 சதவீதமும் விவசாயி கட்ட வேண்டிய பங்கு. மீதியை அரசுகள் கட்டும்.

கடைசி நாள் ஏன் என்று கேட்டால் நியாயமான காரணம் இருக்கிறது. புயல் வந்த மறுநாள் காப்பீடு செய்ய விட்டால், பயிர் மூழ்கியவர்கள் மட்டும்தான் வருவார்கள். அப்புறம் அது காப்பீடு இல்லை. 2018-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. ஐப்பசி கடைசியும் கார்த்திகை முதலும் நம் பக்கத்தில் எப்படிப்பட்ட நாட்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்துக்கு முன்னால் ஒரு வேலி வேண்டியதுதான்.

சிக்கல் எங்கே? இந்த வேலி ஜூன் 12-ல் தண்ணீர் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் தாமதமானால் நாற்று தாமதம், நடவு தாமதம். விதைத்ததற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் சான்று வாங்க வேண்டும். அந்த அடங்கல் எந்த வருஷக் கணக்கு தெரியுமா? பசலி. முகலாயர் காலத்தில் அறுவடையை ஒட்டி வந்த வரி ஆண்டு. இன்றும் நம் வருவாய்த்துறையில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஜூன் 12-ல் தண்ணீர் வந்து நாற்று விட்டவருக்குப் பத்தொன்பது நாளில் பசலி மாறுகிறது. ஆக ஒரு விவசாயி ஒரே பயிருக்காக தண்ணீரின் வருஷம், பசலி வருஷம், காப்பீட்டுப் பருவம், இங்கிலீஷ் வருஷம் என நான்கு காலண்டரோடு மல்லாடுகிறார். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரே ஒரு கட்டத்தைத் திறந்து "எந்தத் தேதிங்க விதைச்சீங்க?" என்று கேட்கிறது.

நாள் நெருங்க நெருங்கக் கூட்டம் கூடும். சர்வர் திணறும். இடையில் ஒரு தீபாவளி வரும். 2020-ல் தீபாவளி நவம்பர் 14 சனிக்கிழமை, நவம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை. இதனால்தான் பல வருஷம் நம் மாவட்டங்களிலிருந்து கோரிக்கை போய்க் கடைசி நாளை நீட்டித்திருக்கிறார்கள். நீட்டித்த செய்தி பேப்பரில் வரும்போது சிலர் முதலிலேயே மனம் விட்டுத் திரும்பியிருப்பார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. 1897-ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் சட்டம், பத்தாவது பிரிவு. சட்டப்படி ஓர் அலுவலகத்தில் ஒரு காரியம் செய்யக் குறித்த கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் காலத்தில் செய்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பூட்டிய கதவைக் காட்டி "நேற்றே வந்திருக்க வேண்டும்" என்று சொல்லக்கூடாது என்கிற எளிய நியாயம். இன்று அலுவலகம் பூட்டுவதே இல்லை, இணையதளம் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது என்கிறோம். சர்வர் படுத்துவிட்டால் அதுவும் பூட்டிய கதவுதான்.

பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள்

என் தொழிலுக்கு வருகிறேன். நம் தலைமுறையில், அதற்கு முந்திய தலைமுறையில், எத்தனை பேருக்கு மே, ஜூன் மாதத்தில் பிறந்தநாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டெல்டாக் குழந்தைகள் எல்லாம் அக்னி நட்சத்திரத்திலா பிறந்தார்கள்? பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். சேர்க்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். தேதி தெரியாத பெற்றோர் குழந்தையைக் கூட்டிவருவார்கள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது. ஐந்து முடிந்த கணக்குக்கு ஒரு தேதி பதிவேட்டில் ஏறும். அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில், அதுவே வேலையில், அதுவே பென்ஷனில். அன்று அந்த வழி இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கே வந்திருக்க மாட்டார்கள்.

அதனால் நம் வீடுகளில் ஒருவருக்கு இரண்டு பிறந்தநாள். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவது நட்சத்திரக் கணக்கில். அலுவலகம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவது பள்ளிக்கூடக் கணக்கில். திருத்தலாம் என்றால் அதற்கும் எல்லை. தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர் ஐந்து ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கதவு சாத்தி விடும்.

இன்று காதைத் தொடச் சொல்வதில்லை. தேதிக் கட்டத்தைத் தொடச் சொல்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்துக்கு நம் மாநிலத்தில் இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். 2024-25 கல்வியாண்டில் எல்.கே.ஜி.க்கு, 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை பிறந்த குழந்தைகள். ஜூலை 31 இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தை உள்ளே. இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டிலில் பிறந்த குழந்தை அடுத்த வருஷம். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதே 2009 சட்டத்தின் 14-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வயதுக்குச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கோடும் போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாசலும் வைத்த சட்டம் அது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ஐயும் சொல்ல வேண்டும். அதில் ஒரே வேலி இல்லை, படிப்படியாக வாசல்கள். 21 நாளுக்குள் என்றால் நேரடியாகப் பதிவு. 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். ஒரு வருஷத்துக்குள் என்றால் அதிகாரியின் எழுத்து அனுமதி. அதற்கும் மேல் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு. போகப் போக வாசல் குறுகும், அடைபடாது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டர் பட்டியல் வரை பிறந்த தேதிக்குச் சாட்சி பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே பேரன் பேத்தி பிறந்த வீட்டுக்காரர்கள் 21 நாளைத் தவற விடாதீர்கள்.

'இன்று' என்பது எது?

கணினி எழுதும் மாணவர்களுக்காக ஒரு நுட்பமான விஷயம். பிறப்புப் படிவத்தில் 'இன்று வரை' என்று எல்லை வைக்கிறீர்கள். யாருடைய இன்று?

நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் முந்தின நாள். ஆஸ்பத்திரி ஏட்டில் அடுத்த நாள். ஒரு காலத்தில் சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி முன்னால். 1906 ஜனவரி 1-ல்தான் ஐந்தரை மணி நேர இந்திய நேரம் வந்தது.

அந்த ஐந்தரை மணி நேரம் இன்றும் வம்பு செய்கிறது. பல கம்ப்யூட்டர்கள் உள்ளுக்குள் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கின்றன. அந்தக் கணக்கில் 'இன்று' என்பதை எடுத்து எல்லையாக வைத்தால், நம் ஊரில் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அந்தக் கட்டம் நேற்றைய தேதியிலேயே நிற்கும். இரவு 2 மணிக்குப் பிறந்த குழந்தையின் தேதியை 4 மணிக்கு எழுதப் போனால் "எதிர்காலத் தேதி" என்று சொல்லும். பிள்ளை தொட்டிலில் அழுதுகொண்டிருக்கும். படிவம் இன்னும் பிறக்கவில்லை என்று சாதிக்கும்.

வேலியும் வாசலும்

ஆகவே படிவம் செய்யும் என் மாணவர்களுக்குச் சில வார்த்தை. வேலி போடுங்கள், தவறான தேதி உள்ளே போய்ப் பின்னால் ஒருவர் அலைவதை விட முதலிலேயே தடுப்பது நல்லது. ஆனால் எல்லையை உங்கள் ஊகத்தில் வைக்காதீர்கள். அரசாணையைப் படித்து, சட்டத்தைப் படித்து வையுங்கள். யாரும் இத்தனை வயது வாழ மாட்டார்கள் என்று நினைத்து வருஷத்தை வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளித்தான் போக வேண்டும் என்றால் 80 வயது அம்மா தன் பிறந்த மாதத்துக்குப் போக 960 முறை அழுத்த வேண்டும். தட்டச்சு செய்யவும் வழி விடுங்கள். சாம்பல் பூத்த தேதிக்குப் பக்கத்தில் ஏன் திறக்கவில்லை என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். உத்திரமேரூர் சபை கல்லில் எழுதியதை நீங்கள் திரையில் எழுதக் கூடாதா? செல்போனில் தடுத்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தடுப்பை விவரம் தெரிந்தவர் சுலபமாகத் தாண்டிவிடுவார். உள்ளே சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேலி விவரம் தெரியாதவருக்கு மட்டும் வேலியாக நிற்கும். கடைசியாக, எல்லைக்கு வெளியே நிற்பவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிப்ரவரியில் திறந்த அந்த 2 டி.எம்.சி. மாதிரி ஒரு மதகு எங்கேயாவது இருக்க வேண்டும்.

படிவம் நிரப்பும் உறவினர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. கட்டம் திறக்கவில்லை என்று பக்கத்தில் திறக்கிற தேதியை அழுத்திவிட்டு வந்துவிடாதீர்கள். அவசரத்தில் பலர் செய்வது இதுதான். விதைத்தது ஒரு நாள், படிவத்தில் ஒரு நாள் என்றால் அடங்கலும் படிவமும் முட்டிக்கொள்ளும். இழப்பீடு கேட்கும் நாளில் உங்கள் சொல்லுக்கு எதிராக உங்கள் கையெழுத்தே சாட்சி சொல்லும். பிறந்த தேதி என்றால் ஆயுசுக்கும் தொடரும். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். உண்மையான தேதி உங்களுடையது. அது உள்ளே போக இடம் செய்ய வேண்டியது படிவத்தின் வேலை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய இரண்டு பிறந்தநாளையும் கேட்டு, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எது ஜாதகத் தேதி, எது பள்ளிக்கூடத் தேதி என்றும் குறித்து வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.